விட்ட இடத்திலேயே நிற்கும் கைப்பிடி

சுக்கானில் ஆளில்லாதபோது எஞ்சின் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக வேகப்படகு உலகம் நம்புகிறது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகை வேகமாக ஓட்டுபவர், எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சோடு தன்னை இணைத்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். அந்த இணைப்புக்குத்தான் கில் கார்டு என்ற கயிறு: ஒரு முனை ஓட்டுநரின் உடலில், மறுமுனையில் உள்ள கிளிப் ஸ்விட்சில். அது தொந்தரவு என்பவர்களுக்குக் கம்பியில்லாக் கருவிகள் வந்துவிட்டன. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் போதும். ஓட்டுநர் நீரில் விழுந்ததும் எஞ்சின் தானே நின்றுவிடும். இதற்கு மேலும் விபத்து நடந்தால் அது ஓட்டுநரின் அலட்சியம்தான் என்று படகு விற்பவர்களும் படகைப் பற்றி எழுதுபவர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் நெடுநாளாகவே உடன்பாடில்லை. கயிறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோளாறு எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் இருக்க, மருந்தை மனிதன் மேல் தடவிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் புகார். கையை எடுத்த பின்னும் விட்ட இடத்திலேயே நிற்கும் கைப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் பிடித்திருந்தவரைக் கயிற்றால் கட்டச் சொல்வது தலைகீழான வைத்தியம்.

கயிற்றுக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். கில் கார்டைப் போல எளிய பாதுகாப்புச் சாதனம் கடலில் குறைவு. கிளிப் பிடுங்கப்பட்டால் எஞ்சின் நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம், விலையும் அதிகமில்லை. அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கும் போட்டிகளை நடத்தும் பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பு, சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே போட்டியாளர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. உடலில் மாட்டியவர் விழுந்தால் கயிறு சொன்னபடி வேலை செய்யும். சட்டத்தையும் குறை சொல்வதற்கில்லை. 2018-ல் இயற்றிய சட்டம் தயாரிப்பாளர்களை இந்த ஸ்விட்சைப் பொருத்த வைத்தது. அடுத்து வந்த சட்டம் ஓட்டுநர்களை அணிய வைத்தது. ஏறக்குறைய 3 குதிரைத்திறன் உள்ள சின்ன எஞ்சின் முதல் எல்லாமே இதில் அடங்கும்.

த்ராட்டில் விட்ட இடத்தில் நிற்பதற்கும் காரணங்கள் உண்டு. கடலில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போக வேண்டியிருக்கும். அலையில் படகு குதிக்கும்போது கை ஆடும். கை ஆடும்போதெல்லாம் எஞ்சினும் ஏறி இறங்கினால் பயணம் நரகமாகிவிடும். படகுத்துறையில் கட்டும்போது இம்மி இம்மியாகத் தள்ளி நிறுத்த ஒரு நிலையான நெம்புகோல் வசதி. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை வசதிக்கான காரணங்கள். வசதிக்காகச் செய்த ஏற்பாட்டை இயற்கை விதி போல யாரும் கேள்வி கேட்காமல் விட்டதுதான் பிழை.

ஆளில்லாத சுக்கான் என்ன செய்யும் என்பதைப் பார்த்தால் இந்தப் பிழையின் கனம் தெரியும். 30 நாட் வேகத்தில் போகும் படகு விநாடிக்குச் சுமார் 15 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் தூக்கி எறியப்படுகிறார் என்று வையுங்கள். நெம்புகோல் அதே இடத்தில் நிற்கிறது, எஞ்சின் அதே வேகத்தில் ஓடுகிறது. படகு நேராகப் போய் எங்காவது மோதினாலும் ஒரு வகையில் நல்லது. பெரும்பாலும் அது நேராகப் போவதில்லை. சுழலும் புரொப்பெல்லர் எஞ்சினை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவையைத் தாங்கிப் பிடிப்பது சக்கரத்தில் உள்ள கை. கை போனதும் எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடிக்கத் தொடங்கும். விழுந்தவர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறார். அமெரிக்கப் படகோட்டிகள் இதற்குச் சாவு வட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுற்றினால், கியர் அதைப் பாதியாகக் குறைத்தாலும், புரொப்பெல்லர் விநாடிக்கு 40 சுற்றுக்கு மேல் சுற்றும். மூன்று இலை என்றால் விநாடிக்கு 120 வெட்டுக்கு மேல். நீந்தத் தெரிந்தவர், லைஃப் ஜாக்கெட் போட்டவர் என்ற வேறுபாடெல்லாம் அதற்குத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் அவரை நீரின் மேல்மட்டத்திலேயே, அதாவது புரொப்பெல்லரின் மட்டத்திலேயே, மிதக்க வைத்திருக்கும்.

இதற்கு எல்லோரும் சுட்டும் உதாரணம் இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்தில் உள்ள பேட்ஸ்டோ. 2013 மே 5 அன்று கேமல் ஆற்றின் முகத்துவாரத்தில், காற்றடைத்த ரப்பர் விளிம்புள்ள வேகப்படகு ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் நீரில் வீசப்பட்டார்கள். ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்களையே தாக்கியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். வேறு சிலர் கடுமையாகக் காயமுற்றார்கள். இன்னொரு படகில் வந்த ஒருவர் ஓடும் படகில் தாவி ஏறித்தான் அதை அடக்க முடிந்தது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு ஆராய்ந்தபோது, கில் கார்டு படகில் இருந்தது, யார் உடலிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை என்று தெரிந்தது.

இந்த விபத்திலிருந்து உலகம் படித்த பாடம் ஒன்றே ஒன்று: கயிற்றை மாட்டுங்கள். சுவரொட்டிகள், காணொளிகள், பயிற்சி வகுப்புகள் எல்லாம் அதையே சொல்லின. பாடம் தவறில்லை. ஆனால் அதே நிகழ்ச்சியை வேறு கண்ணால் பார்க்கலாம். படகில் ஒருவர்கூட இல்லை. சக்கரத்தில் கையில்லை, நெம்புகோலில் கையில்லை. வேகம் வேண்டும் என்று கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லாத நேரத்தில், சற்று முன் ஒரு கை விட்டுப்போன இடத்தையே கட்டளையாக எடுத்துக்கொண்டு எஞ்சின் முழு மூச்சில் ஓடுகிறது. ஆளின்மையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இயந்திரம் இது. அந்த இயந்திரத்தை இப்படி வடித்தவர் யார் என்ற கேள்வியை அந்தச் சுவரொட்டிகளில் எதுவும் கேட்கவில்லை.

த்ராட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கே ஒரு உராய்வுத் திருகு இருக்கும். நெம்புகோலை விட்ட இடத்தில் நிறுத்துவது அதுதான். கையால் பிடித்து ஓட்டும் சிறிய எஞ்சின்களிலும் முறுக்குப் பிடியின் பக்கத்தில் அதே வேலைக்கு ஒரு திருகு உண்டு. நீண்ட பயணத்துக்கு இதைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளலாம் என்று கையேடுகள் சொல்கின்றன; மிகையாக இறுக்கிவிடாதீர்கள், அவசரத்தில் வேகத்தைக் குறைக்க முடியாமல் விபத்து நேரும் என்றும் அவையே எச்சரிக்கின்றன. கையை எடுத்தாலும் வேகம் நிற்கக்கூடாது என்பதற்காகவே ஓர் உறுப்பை வைத்து, அதனால் வரும் ஆபத்தையும் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அச்சிட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்பது கையேடு எழுதுபவரின் நம்பிக்கை.

இந்த நெம்புகோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வரும். இது மெதுவான படகுகளின் வாரிசு. நீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேக எல்லை. நீர்மட்டத்தில் 18 அடி நீளமுள்ள படகு 6 நாட்டைத் தாண்டுவதே சிரமம். அந்த வேகத்தில் ஒருவர் சுக்கானை விட்டுவிட்டு முன்பக்கம் போய்ப் படகைக் கட்டும் கயிறு எடுத்து வருவது பெரிய ஆபத்தில்லை. பிறகு படகுகள் நீரின் மேல் எழுந்து சறுக்கத் தொடங்கின. பின்புறம் 50, 150, 300 குதிரைத்திறன் என்று எஞ்சின் ஏறியது. வேகம் ஐந்து மடங்கு, ஆறு மடங்கு ஆயிற்று. படகின் உடல் மாறியது, எஞ்சின் மாறியது, சுக்கான் ஹைட்ராலிக் ஆயிற்று. கைப்பிடி மட்டும் தாத்தா காலத்துப் பழக்கத்தோடு அப்படியே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது.

நிலத்தில் இந்தக் கணக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஓட்டுநர் காலை எடுத்தால் த்ராட்டில் தானாக ஐட்லிங் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கா கார்களுக்கு விதித்தது 1973-ல். புல் வெட்டும் இயந்திரத்தின் பிடியிலிருந்து கையை எடுத்தால் மூன்று விநாடிக்குள் அலகு நிற்க வேண்டும் என்ற விதி 1982-ல் வந்தது. மோட்டார் வைத்த தையல் மெஷினில்கூட மிதியிலிருந்து காலை எடுத்தால் ஊசி நின்றுவிடுகிறது. ஒரு முழ ஜாக்கெட் துணிக்குக் கிடைக்கும் இந்தக் கரிசனம் 300 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பின்னால் மிதக்கும் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

நீரில் இது முடியாது என்பதும் பொய். 1973-ல் கவாசாகி விற்பனைக்குக் கொண்டுவந்த ஜெட் ஸ்கீயில் த்ராட்டில் விரலால் அழுத்தும் ஸ்பிரிங் நெம்பு. ஆள் விழுந்தால் நெம்பு திரும்பிவிடும், வண்டி ஐட்லிங்கில் மெல்ல வட்டமடித்து விழுந்தவர் பக்கம் வரும், அவர் ஏறிக்கொள்ளலாம். அதே வட்டம்தான். குறைந்த வேகத்தில் அது உயிர் காக்கும் ஏற்பாடு, முழு வேகத்தில் கொலைக்கருவி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஸ்பிரிங்.

இனி கயிற்றின் குறைக்கு வருகிறேன். கயிற்றின் ஒரு முனை மனித உடலில் இருக்கிறதா, காற்றில் தொங்குகிறதா என்பது எஞ்சினுக்குத் தெரியாது. கிளிப் அதன் இடத்தில் இருந்தால் எஞ்சின் கிளம்பும். மாட்ட மறந்தவருக்கும் மாட்டியவருக்கும் அது ஒரே மாதிரி ஓடும். ஒவ்வொரு முறையும் ஒருவர் நினைவு வைத்துச் செய்தால் மட்டும் வேலை செய்யும் பாதுகாப்பு, மறந்த நாளில் இல்லாத பாதுகாப்பு. விபத்துகள் அந்த நாளைத் தேடித்தான் வரும் என்பதில்லை. ஆனால் வந்தால் அந்த நாளில்தான் ஆள் சாவார்.

மறதி மட்டும் காரணம் என்றால் பழக்கத்தால் சரிசெய்யலாம். பயன்பாட்டிலேயே கயிறு மனிதனோடு மல்லுக்கு நிற்கிறது. ஓட்டுநர் மாறும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டும் என்பது பயிற்சி வகுப்பின் பாடம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு போகும் படகில், மகன் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்கும்போது, எஞ்சினை நிறுத்திக் கயிறு மாற்றுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பின்பக்கம் திரும்பி ஒரு பொருளை எடுக்கப் போனால் கயிறு இழுபட்டு எஞ்சின் நிற்கும். இரண்டு முறை அப்படி நின்றால் மூன்றாம் முறை கயிறு கொக்கியில் தொங்கும். ஓட்டுநர் கயிற்றோடு விழுந்து எஞ்சின் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிளிப் அவரோடு நீரில் போய்விட்டது. படகில் உதிரிக் கிளிப் இல்லையென்றால் மிச்சமுள்ளவர்கள் எஞ்சினைக் கிளப்பி அவரை மீட்க முடியாது. கையை எடுத்தால் வேகம் குறையும் த்ராட்டிலில் இந்தச் சிக்கல் எதுவும் எழுவதில்லை.

நம் கடற்கரையிலும் இதைப் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்து ஃபைபர் வள்ளங்களின் பின்னால் தொங்கும் சுசூகி, யமஹா எஞ்சின்கள் உலகம் முழுக்க விற்கும் அதே எஞ்சின்கள். அவற்றில் சிவப்புக் கயிறும் உண்டு. கிளிப் எஞ்சினிலேயே கிடக்கும், கயிறு யார் கையிலும் இருக்காது. இதை மீனவரின் அறியாமை என்று சொல்பவர் கரையலையில் வள்ளம் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். அலை உடையும் இடத்தைத் தாண்டும் அந்தச் சில விநாடிகளில் எஞ்சின் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழும். வலை வீசும்போதும் இழுக்கும்போதும் உடலிலிருந்து தொங்கும் ஒரு கயிறு, வலையில் சிக்கக்கூடிய இன்னொரு கயிறு. எஞ்சினைச் சட்டென்று கொல்லும் ஒரு சாதனத்தை இந்த வேலையில் உள்ளவர் உடலில் கட்ட மறுப்பதில் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. கணக்கைத் தவறாகப் போட்டது, கொல்வது அல்லது முழு வேகத்தில் விடுவது என்று இரண்டே வழி கொடுத்த வடிவமைப்பாளர். முறுக்குப் பிடி கையை விட்டதும் மெல்ல ஐட்லிங்குக்கு வந்தால் எஞ்சின் உயிரோடு இருக்கும். மறுபடி முறுக்கினால் அந்தக் கணமே விசை கிடைக்கும்.

கம்பியில்லாக் கருவிக்கு இப்போது கிடைக்கும் பாராட்டு எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. மணிக்கட்டில் உள்ள கருவி நீரில் மூழ்கினாலோ, படகிலிருந்து தள்ளிப் போனாலோ சிக்னல் அறுந்து எஞ்சின் நிற்கும். நல்ல பொறியியல். ஆனால் அது கண்டுபிடிப்பது ஆள் நீரில் இருக்கிறார் என்பதை; சுக்கானில் ஆளில்லை என்பதை அல்ல. ஓட்டுநர் படகுக்குள்ளேயே வழுக்கி விழுந்து மயங்கினால், மாரடைப்பில் சரிந்தால், அலை குலுக்கியதில் பின் இருக்கைக்கு வீசப்பட்டால், கருவி படகிலேயே இருக்கிறது, சிக்னல் நன்றாக இருக்கிறது, படகு அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். பழைய கயிறு இழுபட்டாவது எஞ்சினை நிறுத்தியிருக்கக்கூடும். அந்த வகையில் புதிய கருவி பழையதைவிட ஒரு படி கீழே.

விற்பனையின் மொழியைக் கவனியுங்கள். கட்டிப்போடும் கயிறில்லை, படகில் தாராளமாக நடமாடலாம் என்பதுதான் கவர்ச்சி. சுக்கானை விட்டு நகரக்கூடாது என்று கயிறு முரட்டுத்தனமாகவாவது சொல்லிக்கொண்டிருந்தது. நகரலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது புதிய கருவி. சுக்கானில் ஆளில்லாத படகு ஒரு பிரச்சினையாக இருந்த நிலை போய், அது ஒரு வசதியாக விற்கப்படுகிறது. இந்தக் கருவிகளைப் பாதுகாப்பின் அடுத்த கட்டம் என்று எழுதுபவர்கள் இதை ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தின் விலக்குகளிலும் இதே பார்வைதான். படகு வேகமெடுத்துச் சறுக்கும்போது மட்டும் கயிறு கட்டாயம். மெதுவாகப் போகையில் வேண்டாம். சுக்கான் மூடிய அறைக்குள் இருந்தால் வேண்டாம். ஸ்விட்ச் பொருத்தாமல் வந்த பழைய படகுக்கும் வேண்டாம். ஒவ்வொரு விலக்குக்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் மெதுவாகப் போகும் படகில்தான் ஓட்டுநர் படகைக் கட்டும் கயிறு எடுக்க முன்பக்கம் போகிறார். கியரில் விட்டுவிட்டுப் போகிறார். அந்த நேரத்தில்தான் இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலில் யாராவது சாய்கிறார்கள், ஒரு குழந்தை அதைப் பிடித்துத் தள்ளுகிறது. தள்ளிய இடத்தில் அது நிற்கிறது. மெதுவாக இருந்த படகு சில விநாடியில் மெதுவான படகாக இருப்பதில்லை. சட்டம் பார்ப்பது படகின் வேகத்தை; படகின் வேகத்தைத் தீர்மானிக்கும் பொருளை அல்ல.

ஸ்பிரிங் த்ராட்டிலுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களும் எனக்குத் தெரியும். கை வலிக்கும் என்பது முதல் வாதம். கையால் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாஸ் மீன் பிடிக்கும் படகுகளிலும் பந்தயப் படகுகளிலும் காலால் மிதிக்கும் த்ராட்டில் பல வருடங்களாக இருக்கிறது; காலை எடுத்தால் திரும்பிவிடும்; இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும். வேகத்தை மிகவும் மதிப்பவர்களே இதை விரும்பிப் பொருத்திக்கொள்கிறார்கள். நீண்ட பயணத்துக்கு, காரில் இருப்பது போல, வேகத்தைப் பூட்டி வைக்கும் பொத்தான் இருக்கட்டும். காரில் வேகம் நிற்பது இயல்பு. வேகம் தொடர வேண்டுமென்றால் ஓட்டுநர் தெரிந்தே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். படகில் இது தலைகீழாக இருக்கிறது. தொடர்வது இயல்பு, நிறுத்தத்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

வேகம் சட்டென்று குறைந்தால் படகு எழுப்பிய அலையே பின்னால் வந்து ஏறும், ஆட்கள் முன்னால் விழுவார்கள் என்பது இரண்டாவது. ஒரே நொடியில் எஞ்சினைக் கொல்லும் கயிற்றை ஆதரிப்பவர்கள் இதைச் சொல்வது விநோதம். ஸ்பிரிங் த்ராட்டிலை இரண்டு மூன்று விநாடி எடுத்து இறங்கும்படி செய்யலாம்; கயிற்றை அப்படிச் செய்ய முடியாது. விசை போனால் திருப்பும் சக்தியும் போகும் என்பது மூன்றாவது. ஜெட் ஸ்கீயில் இது உண்மையான ஆபத்து. பதற்றத்தில் விரலை எடுத்தவர்கள் திருப்ப முடியாமல் மோதியிருக்கிறார்கள். பிறகு அதற்கும் தயாரிப்பாளர்கள் தீர்வு கண்டார்கள். ஆனால் சுக்கானில் ஆளே இல்லாத படகுக்குத் திருப்பும் சக்தி எதற்கு? கரையலையைத் தாண்டுகையில் குலுக்கலில் கை நழுவினால் விசை போய்விடும் என்ற ஒரு வாதத்தை மட்டும் நான் தலை வணங்கி ஏற்கிறேன். அதற்கு மெதுவாக இறங்கும் ஏற்பாடு ஓரளவுக்கே விடை.

நான்காவது வாதம்தான் அடிக்கடி காதில் விழுகிறது: எந்தப் பாதுகாப்பையும் மனிதன் கயிறு கட்டி ஏமாற்றிவிடுவான். ஏமாற்றுவான். புல் வெட்டும் இயந்திரத்தின் பிடியையும் கட்டி வைப்பவர்கள் உண்டு. ஆனால் கட்டி வைக்க ஒருவர் மெனக்கெட வேண்டும். அப்படிச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கில் கார்டை ஏமாற்ற எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சோம்பல் ஆபத்தின் பக்கம் இருக்கும் வடிவமைப்பும், சோம்பல் பாதுகாப்பின் பக்கம் இருக்கும் வடிவமைப்பும் ஒன்றாகாது.

நெம்புகோலை எஞ்சினோடு கேபிள் இணைத்த காலத்தில் தயாரிப்பாளர்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. நெடிய கேபிளின் உராய்வை மீறி ஸ்பிரிங் இழுக்க வேண்டும்; அதனால் பிடி கனமாகும். 2004-ல் மெர்க்குரி நிறுவனம் வெராடோ எஞ்சின்களை எலக்ட்ரானிக் த்ராட்டிலோடு கொண்டுவந்த பிறகு அந்தச் சாக்கும் போயிற்று. இன்றைய பெரிய எஞ்சின்களில் நெம்புகோல் எதையும் இழுப்பதில்லை. ஒரு கணினியிடம் ஒரு எண்ணைச் சொல்கிறது, அவ்வளவே. நெம்புகோலில் கை இருக்கிறதா என்று பார்க்க ஓர் உணரி, ஓட்டுநர் நிற்கும் இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க ஒரு ஸ்விட்ச், இரண்டும் இல்லையென்றால் மூன்று விநாடியில் ஐட்லிங்குக்கு இறக்கச் சொல்லும் சில வரி நிரல்: இதைவிடக் கடினமானவற்றையெல்லாம் இதே கணினிகள் தினமும் செய்கின்றன. ஜாய்ஸ்டிக்கால் படகைப் பக்கவாட்டில் நகர்த்துகின்றன. நங்கூரம் போடாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. பணம் உள்ளவரின் வசதிக்குக் கணினி உண்டு. ஆளில்லாத சுக்கானுக்கு மட்டும் நைலான் கயிறு.

ஏன் செய்யவில்லை? கயிறு இருக்கும் வரை பழி எங்கே விழும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் என் சந்தேகம். விபத்துக்குப் பின் முதலில் கேட்கப்படும் கேள்வி, கயிறு மாட்டியிருந்தாரா என்பது. மாட்டவில்லை என்றால் வழக்கு மனதுக்குள் முடிந்துவிடுகிறது. நெம்புகோல் ஏன் முன்னாலேயே நின்றது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அமெரிக்கச் சட்டம் போட்டிருக்கும் முதல் அபராதம் 100 டாலர். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் 500 வரை. அதுவும் ஓட்டுநருக்கு. விட்ட இடத்தில் நிற்கும் த்ராட்டிலை விற்பவருக்கு அபராதம் எதுவும் கிடையாது.

கயிற்றைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற படகுகளுக்கு இருக்கிற ஒரே காவல் அதுதான், மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் புதிதாக வரும் படகுகளுக்கு விதி எழுதுபவர்கள் தொடங்க வேண்டிய இடம் வேறு. ஓட்டுநர் எதை அணிய வேண்டும் என்று எழுதுவதற்கு முன், ஓட்டுநர் இல்லாதபோது எஞ்சின் எதைச் செய்யக்கூடாது என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி விதியாகும் வரை, இந்தத் துறை தன் பாதுகாப்புச் சாதனைகளுக்காகத் தன்னைத் தானே பாராட்டிக்கொள்வதை நிறுத்தி வைக்கலாம்.